ஜெயில் ஸ்டாப் கண்டக்டரம்மா

அந்தப் பேருந்தில் ஏறி "ஜெயிலுக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்பவர்கள் யாரும் குற்றவாளிகள் இல்லை. சிறைச்சாலை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பழைய கட்டடத்து வாசலில் இருந்த நிறுத்தத்துக்குப் பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது. யாராவது அப்படிக் கேட்டால், கண்டக்டரம்மா ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போறதுக்கு மட்டுமா, திரும்பி வர்ற எண்ணமும் இருக்கா?" என்பாள். தினமும் கேட்கிற வசனம்தான். ஆனாலும் வண்டியின் முன்பாதி சிரிக்கும். பின்பாதி, என்ன சொன்னாள் என்று முன்பாதியைக் கேட்கும்.

வாய் சும்மா இருக்காது அவளுக்கு. ஓட்டுநர் பிரேக் போட்டால் அதற்கொரு பேச்சு, பயணி சில்லறை தராவிட்டால் அதற்கொரு பேச்சு. டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் வீட்டுக்காரர், "வீட்டுக்கு வரும்போதாவது கொஞ்சம் மிச்சம் வச்சுக்கிட்டு வா" என்பார். இவ்வளவு பேசுகிறவள் ஒரு விஷயத்தை மட்டும் அந்த வண்டியில் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஜெயிலில்தான் அவள் பிறந்தாள். ஆறு வயது வரைக்கும் அதற்குள்ளேதான் வளர்ந்தாள். வீட்டுக்காரருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஏன் சொல்லவில்லை என்றால், அது அம்மாவின் கதை. அம்மா வாயைத் திறக்காதவரை மகள் போய் ஊருக்கெல்லாம் விளம்புவது சரியில்லை என்பது அவள் கட்சி.

அம்மா தையல் வேலை பார்த்தவள். கட்டிக்கொண்டவனுக்குக் குடி, குடித்தால் அடி. ஒருநாள் மாடிப்படியில் அவன் அடிக்க ஓங்கியபோது அவள் இரண்டு கையாலும் தள்ளிவிட்டாள். அவன் உருண்டு விழுந்து, கடைசிப் படியில் தலை மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டான். தள்ளியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அதற்கு முன் வருஷக்கணக்கில் அடித்ததைப் பார்த்தவர்கள் நீதிமன்றத்துக்கு வரவில்லை. ஆயுள் தண்டனை. உள்ளே போகும்போது வயிற்றில் பிள்ளை.

பெண்கள் பகுதி என்பது பெரிய சிறையின் ஒரு மூலையில் தனி மதில் கட்டிய சின்ன இடம். ஒரு முற்றம், ஒரு குழாய், ஒரு மரம், வரிசையாக அறைகள். அங்கே ஒரு பிள்ளை பிறந்ததும் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரு வேலை கிடைத்தது. போர்வையை ஜன்னல் கம்பியில் கட்டித் தொட்டில் போட்டார்கள். யார் ஆட்டுவது என்று சண்டை வந்தது. கள்ளக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட ஓர் அக்கா அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். பிக்பாக்கெட் சித்தி தலை பின்னிவிடுவாள். "என் கையெழுத்து இன்னிக்கும் அச்சடிச்ச மாதிரி இருக்கும். கத்துக்கொடுத்தவங்க அப்படி" என்று கண்டக்டரம்மா பின்னால் வீட்டுக்காரரிடம் சொல்வாள். "சித்தி பின்னினா, தலைமேல கை வச்சதே தெரியாது. அவ்வளவு பூப்போல விரல்."

நடக்கத் தொடங்கியதும் பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது: ஜெயிலரம்மா. வாராவாரம் சோதனைக்கு வரும் சூப்பிரண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்து, அவளும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாகப் போவாள். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா? குறை ஏதாவது உண்டா?" என்பாள். கொலைக் கேஸ், திருட்டுக் கேஸ் எல்லாரும் எழுந்து நின்று, "ஒண்ணும் இல்லீங்க ஜெயிலரம்மா" என்பார்கள். சூப்பிரண்டிடம் கூட அவ்வளவு மரியாதை காட்டியதில்லை.

அந்தப் பகுதியின் பெண் வார்டருக்கு உள்ளே இருந்தவர்கள் வைத்திருந்த பெயர் விசில். உயரமானவள், சிரிக்காதவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். வரிசையில் நிற்க ஊதுவாள், வரிசை கலைய ஊதுவாள், சமையலறைப் பக்கம் வரும் பூனையை விரட்டவும் ஊதுவாள். எல்லாருக்கும் அவளிடம் பயம்.

ஒருநாள் கையெழுத்து அக்கா படப் புத்தகத்தில் நாயைக் காட்டி, "இது என்னடி?" என்று கேட்டாள். பிள்ளை, "பூனை" என்றது. "பூனை இல்லடி, நாய்." "பெரிய பூனை" என்றது பிள்ளை, விட்டுக்கொடுக்காமல். நாயை அது பார்த்ததே இல்லை. பெண்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் கையெழுத்து அக்கா புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். கதவோரம் நின்றிருந்த விசில் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு நகர்ந்து போனாள்.

மறுநாள் அவள் சூப்பிரண்டின் அறைக்குப் போய் நின்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையைக் கொஞ்ச நேரம் வெளியே கூட்டிப்போய் வர அனுமதி வேண்டும் என்றாள்.

"அப்படிக் கூட்டிட்டுப் போகலாம்னு ரூல்ல இல்லையேம்மா."

"கூடாதுன்னும் இல்லீங்க சார்."

சூப்பிரண்டு நல்ல மனிதர், பயந்த மனிதர். நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "நான் இப்ப ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு இருக்கேன். நீ என்ன கேட்டேன்னு என் காதுல விழல" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளை முதல்தடவையாகத் தெருவைப் பார்த்தது. ரொட்டிக்கடை வாசலில் படுத்திருந்த நாயை வெகுநேரம் நின்று பார்த்தது. அது வாலை ஆட்டியதும் விசிலின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டது. திரும்பி வரும்போது சாயங்காலம். கூரைகளுக்கு மேலே நிலா வந்திருந்தது. சாயங்காலம் அறைகளைப் பூட்டும் அடைப்பு நேரத்துக்குப் பிறகு அறையை விட்டு வெளியே வந்தே பழக்கமில்லாத பிள்ளை, "ஒரு லைட்டு நம்ம பின்னாடியே வருது" என்று முகத்தை விசிலின் தோளில் புதைத்துக்கொண்டு அழுதது. சிரிக்காத விசில் அன்றைக்குச் சிரித்தாளாம். "வரட்டும். நமக்குத் துணைக்குத்தான் வருது" என்றாளாம்.

உள்ளே வந்ததும் அத்தனை பெண்களும் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். பிள்ளை பார்த்ததையெல்லாம் சொன்னது. மழையே இல்லாமல் ஒருவர் குடை விரித்துக்கொண்டு போனார். வண்டிக்குள் ஓர் ஆள் தூங்கினார், ஒரு கால் மட்டும் வெளியே தொங்கியது. ரொட்டிக்கடை பக்கம் போனால் மூக்குக்குள் சூடாக ஏதோ வந்தது. அவர்கள் கேட்கக் கேட்க அது சொல்லிக்கொண்டே போனது. அதிலிருந்து ஞாயிறு என்றால் அந்தப் பகுதிக்குச் செய்தித்தாள் வந்த மாதிரி.

சந்தைக்குப் பக்கத்தில் வீடு இருந்த பிக்பாக்கெட் சித்தி ஒரு தடவை மெதுவாகக் கேட்டாள். "சந்தைத் தெருவுல ஒரு நீலக் கதவு வீடு இருக்கு. அது பாத்தியா குட்டி?" பிள்ளை பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறு விசில் வழக்கமான வழியை விட்டுச் சந்தைத் தெரு வழியாகப் போனாள். நீலக் கதவு வீட்டெதிரே நின்று, செருப்பில் கல் மாட்டிக்கொண்டதுபோல் குனிந்து வெகுநேரம் தட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு கிழவர் வெயிலில் உட்கார்ந்து, ஒரு பெண் குழந்தைக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் செய்தி உள்ளே போய்ச் சேர்ந்தது. சித்தி அன்றைக்குச் சாப்பாட்டை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆறு வயதானால் பிள்ளை உள்ளே இருக்கக் கூடாது என்பது சட்டம். அப்பா வழியில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அம்மா வழியில் தகவல் போயும் பதில் இல்லை. வேறு ஊரில் இருக்கும் அநாதை இல்லத்துக்கு அனுப்ப ஏற்பாடானது. ஜெயிலரம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. முற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு சோதனை போய்க்கொண்டிருந்தாள்.

விசில் அம்மாவின் அறைக்கு வந்து நின்றாள். "பிள்ளையை நான் வச்சுக்கறேன். எதிர்ல குவார்ட்டர்ஸ்தான். இங்கயே பள்ளிக்கூடம் இருக்கு. சூப்பிரண்டுகிட்ட பேசிட்டேன்" என்றாள்.

அம்மா சட்டென்று எழுந்தாள். "என்னை அடைச்சு வச்சவகிட்டயே என் பிள்ளையையும் குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள்.

விசில் கோபப்படவில்லை. "உன்னை அடைச்சது நான் இல்ல. பூட்டுறது என் வேலை. பிள்ளையைக் கேக்குறது வேலை இல்ல" என்றாள். "யோசிச்சுச் சொல்லு. அவசரம் இல்ல" என்று போய்விட்டாள்.

அம்மா ஒரு பகல் முழுக்க முற்றத்தில் விளையாடும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த நாள் விசிலைக் கூப்பிட்டு நிபந்தனை போட்டாள். சந்திப்பு நாள் ஒன்றுகூடத் தவறக் கூடாது. பிள்ளை அவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது.

"பெரியம்மான்னு கூப்பிடட்டும்" என்றாள் அம்மா. "அப்ப நீங்க எனக்கு அக்கா ஆயிடுவீங்க. அக்கா வீட்டுல பிள்ளையை விட்டா யாரு என்ன சொல்ல முடியும்?"

அப்படித்தான் விசில் பெரியம்மா ஆனாள். குவார்ட்டர்ஸ் வீட்டின் ஜன்னலிலிருந்து பார்த்தால் சிறை மதிலும், மதிலுக்கு மேலே அந்த மரத்தின் உச்சியும் தெரியும். அந்த மரத்துக்குக் கீழேதான் அம்மா இருக்கிறாள் என்று பிள்ளைக்குத் தெரிந்ததால், ஏக்கம் வந்தாலும் பயம் வரவில்லை. சந்திப்பு நாளில் பெரியம்மா சீருடை இல்லாமல், மற்ற ஜனங்களோடு வரிசையில் நின்று அவளைக் கூட்டிப்போவாள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பிள்ளை பள்ளிக்கூடத்துக் கதை, தெருக் கதை எல்லாம் கொட்டும். பெரியம்மா தள்ளிப் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பாள். ஒரு தடவை பிள்ளைக்குக் கடுமையான காய்ச்சல். டாக்டர் வெளியே கொண்டுபோகக் கூடாது என்றுவிட்டார். அன்றைக்குப் பெரியம்மா தனியாக வரிசையில் நின்று, வலைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவிடம், பிள்ளை என்ன சாப்பிட்டது, எத்தனை தடவை இருமியது, தூக்கத்தில் என்ன உளறியது என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

பிள்ளை உயர்நிலைப் பள்ளி முடிக்கும் சமயத்தில் அம்மாவுக்கு விடுதலை கிடைத்தது. நேரே குவார்ட்டர்ஸுக்குத்தான் வந்தாள். வேறு எங்கே போவாள்? முதல் வாரம் அவள் வீட்டின் உள்கதவின் முன் போய் நின்றுகொண்டே இருப்பாள். கதவு வெறுமனே சாத்தியிருக்கும். திறக்கத் தோன்றாது, யாராவது வந்து திறக்கட்டும் என்று நிற்பாள். பெரியம்மா இதைக் கவனித்துவிட்டு, தச்சரை வரவழைத்து அந்த உள்கதவைக் கழற்றியே போட்டுவிட்டாள். கதவில்லாத வீட்டில் அடுப்புப் புகை எல்லா அறைக்கும் போகும். "கண்ணு எரியுது அக்கா" என்று அம்மா குறைசொன்னாள். "எரியட்டும்" என்றாள் பெரியம்மா.

அதற்கப்புறம் அந்த வீட்டில் இரண்டு பேரும் சண்டை போடாத நாள் கிடையாது. உப்பு கூடிவிட்டது, துணி சரியாக மடிக்கவில்லை, பிள்ளைக்குச் செல்லம் அதிகம். ஆனால் அதில் ஒருத்திகூடத் தங்கை ஊருக்குப் போகிறேன், அண்ணன் ஊருக்குப் போகிறேன் என்று ஒருநாளும் மூட்டை கட்டவில்லை. மகளுக்குக் கண்டக்டர் வேலை கிடைத்தபோது பெரியம்மா ஓய்வு பெற்றிருந்தாள். தன் பழைய விசிலை எடுத்துக் கொடுத்தாள். "இனிமே உனக்குத்தான் இது வேணும்" என்றாள். அம்மா சீருடையைப் பிரித்துத் தைத்து, அளவு சரியாக்கிக் கொடுத்தாள். கல்யாணம் ஆனபிறகும் மகள் இருவரையும் தன்னோடுதான் வைத்துக்கொண்டாள். மெக்கானிக், "எனக்கு மட்டும் ரெண்டு மாமியார். டிப்போவுல யாருக்கும் இந்தப் பாக்கியம் இல்ல" என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டார்.

பிறகு சிறை இடம் மாறியது. கட்டடம் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. இடித்துவிடலாம் என்று ஒரு கூட்டம் சொன்னது, வேண்டாம் என்று ஒரு கூட்டம் சொன்னது. கடைசியில் ஊரின் வரலாற்று அருங்காட்சியகமாக ஆக்குவது என்று முடிவானது. அதற்குப் பொறுப்பாக வந்த காப்பாளர் ஒல்லியான மனிதர். தினமும் அட்டைப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கண்டக்டரம்மாவின் வண்டியில்தான் வருவார். பக்கத்தில் உட்கார்பவர்களையெல்லாம், "உங்க வீட்டுல பழைய சாமான் ஏதாவது இருக்குங்களா? ஊரோட சரித்திரத்துக்கு வேணும்" என்று கேட்பார்.

"என் மாமியார் இருக்காங்க, எடுத்துக்கறீங்களா?" என்றாள் ஒரு காய்கறிக்காரம்மா.

"தரமா இருக்காங்களா?" என்று கேட்டாள் கண்டக்டரம்மா. வண்டியே சிரித்தது. ஆனாலும் ஜனங்கள் கொடுத்தார்கள். முடிதிருத்துபவரின் தாத்தா வைத்திருந்த நாற்காலி வந்தது. மூடிப்போன சினிமாக் கொட்டகையின் கருவி வந்தது. காய்கறிக்காரம்மா நிஜமாகவே மாமியாரின் தராசைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

அருங்காட்சியகம் திறந்து சில வாரம் கழித்து, ஒரு விடுமுறை நாளில் கண்டக்டரம்மா தனியாகப் போனாள். வீட்டில் சொல்லிக்கொள்ளவில்லை. ஆண்கள் அறைகளில் ஊரின் சரித்திரம் இருந்தது. ஓர் அறையில் முடிதிருத்தும் நாற்காலி, ஓர் அறையில் ஆற்று வெள்ளத்தில் தெரு மூழ்கிய படங்கள், ஓர் அறையில் ஊருக்கு வந்த முதல் பேருந்தின் விளக்கு. நன்றாகத்தான் செய்திருந்தார் மனிதர். கடைசியாகப் பெண்கள் பகுதிக்கு வந்தாள்.

மரம் இருந்தது. குழாய் இருந்தது. அவள் பிறந்து வளர்ந்த அறையில், மூலையில் சுவரைப் பார்த்தபடி ஒரு பிள்ளைப் பொம்மையை உட்கார வைத்திருந்தார்கள். கிழிந்த சட்டை, குனிந்த தலை. தாய்மாரோடு குழந்தைகளும் இங்கே அடைபட்டுக் கிடந்ததாகப் பலகை சொன்னது. எதிர்ச் சுவரில் தடியும் கைவிலங்கும் மாட்டி, பெண் காவலர்கள் பயன்படுத்தியவை என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

பக்கத்தில் நின்ற ஒருவர் மனைவியிடம், "பாவம், இந்தப் பிள்ளைங்கல்லாம் பின்னாடி என்ன ஆயிருக்கும்?" என்றார்.

"பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சிட்டிருக்கும்ங்க" என்றாள் கண்டக்டரம்மா. அவர் ஏதோ தமாஷ் என்று நினைத்துச் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

அவளுக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. பலகையில் இருந்தது பொய்யில்லை. ஆனால் பெரியம்மாவைப் பற்றி அந்தச் சுவரில் இருந்தது ஒரு தடி மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் மனசில் வைத்திருக்க முடியாமல் சொல்லிவிட்டாள். பெரியம்மாவுக்கு அப்போது எண்பது தாண்டியிருந்தது. காது கூர்மை, முட்டி மோசம். "மாட்டுனா மாட்டிட்டுப் போறாங்க. தடி வச்சிருந்தது நெஜந்தானே" என்று சொல்லிவிட்டு வானொலியைத் திருகப் போனாள். அம்மா ஏற்கெனவே மடித்திருந்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த விடுமுறை நாள் காலையில் அம்மா நல்ல உடை உடுத்தி, தலைவாரி, கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தாள். "கிளம்பு" என்றாள் மகளிடம்.

"எங்கம்மா?"

"அங்கதான். உன் பெரியம்மாவையும் கிளப்பு."

"நான் வரல. சம்பளம் குடுத்துக் கூப்பிட்ட இடம் அது. இப்ப எதுக்கு நான் டிக்கெட் எடுத்துப் போகணும்?" என்றாள் பெரியம்மா.

"நீங்க வரலைன்னா நான் தனியாப் போறேன்."

"நீ தனியாப் போனா உள்ளயே இருந்துடுவ. பழக்க தோஷம்" என்று முனகிக்கொண்டே பெரியம்மா கைத்தடியைத் தேடினாள்.

வாசலில் காப்பாளர் இருந்தார். "என்ன கண்டக்டரம்மா, இன்னிக்கு நீங்க டிக்கெட் எடுக்கறீங்க" என்று சிரித்தபடி கூடவே வந்தார். அம்மா வேறு எந்த அறையையும் பார்க்கவில்லை. வழி கேட்கவும் இல்லை. அவள் பாட்டுக்கு முன்னால் நடந்து பெண்கள் பகுதிக்கு வந்தாள். அறை வாசலில் நின்று நிலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பொம்மையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கண்டக்டரம்மாவுக்கு அம்மாவைக் கூட்டி வந்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

"தம்பி" என்று காப்பாளரைக் கூப்பிட்டாள் அம்மா. "இது நான் இருந்த ரூம். அந்தப் பிள்ளை இதோ நிக்குது, உங்களுக்கு டிக்கெட் குடுக்குற பிள்ளை."

காப்பாளர் திரும்பிக் கண்டக்டரம்மாவைப் பார்த்தார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"எனக்குத் தண்டனை குடுத்தாங்க. அது சரியா தப்பான்னு பேச நான் வரல" என்றாள் அம்மா. "ஆனா என் பிள்ளைக்கு யாரும் தண்டனை குடுக்கல. அது தெரியாம இங்க வந்து மாட்டிக்கிச்சு. அதை நாய் காட்டக் கூட்டிட்டுப் போனது இவங்க. நிலா காட்டுனது இவங்க. காய்ச்சல்ல கிடந்தப்ப மடியில போட்டுக்கிட்டது இவங்க. பெத்தது நான். நான் பாக்க முடியாத எல்லாத்தையும் பாத்து, எனக்கு வந்து சொன்னது இவங்க. அந்தச் சொவத்துல தடி இருக்கு. இவங்க இல்ல."

"போதும்மா. கால் வலிக்குது, போலாம்" என்றாள் பெரியம்மா, யார் முகத்தையும் பார்க்காமல்.

"உட்காருங்க அக்கா. இத்தனை வருஷமா சொல்லணும்னு இருக்கேன். வீட்டுல சொல்ல வந்தா உப்பு கூடிடுச்சு, புளிப்பு கம்மின்னு பேச்சை மாத்திடுறீங்க. இங்க மாத்த முடியாது." அம்மாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "உங்களை அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டேன். அடைச்சு வச்சவகிட்டயே குடுக்கணுமான்னு. நீங்க அதை ஒருநாளும் திருப்பிச் சொல்லிக் காட்டல. நல்லா இருங்க அக்கா. அதான் சொல்ல வந்தேன்."

காப்பாளர் இழுத்துப் போட்ட நாற்காலியில் பெரியம்மா உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். "நீ பிள்ளையைக் குடுத்தியே. அதுக்கு நான் என்ன சொல்றது?" என்றாள். "வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனா சொவரைப் பாத்துச் சாப்பிட்டவ நான். ஒரு பிள்ளை வந்து, அந்த வீட்டுல சத்தம் வந்துச்சு. நீ என்னமோ எனக்கு நன்றி சொல்ற."

காப்பாளர் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்தப் பகுதியில் இருந்தவர்களைத் தேடி இரண்டு வருஷம் அலைந்ததாகவும், ஒருவரும் பேச முன்வரவில்லை என்றும் சொன்னார். இப்போது சொன்னதையெல்லாம் பதிவு செய்துகொள்ளலாமா என்று மூவரையும் கேட்டார். அப்புறம், பொம்மையை எடுத்துவிடட்டுமா என்றார்.

அம்மா யோசித்தாள். "இருக்கட்டும் தம்பி. எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பெரியம்மா கிடைச்சிருக்க மாட்டா" என்றாள்.

"தடியையும் எடுக்காதீங்க. அதுவும் இருந்துச்சு" என்றாள் பெரியம்மா.

அந்த அறையில் இப்போது ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் குரல்கள் வரும். கண்டக்டரம்மா நீலக் கதவைப் பற்றிச் சொல்வாள். நடுவில் அம்மாவும் பெரியம்மாவும், முதல் ஞாயிறு பிள்ளை போட்டிருந்தது பச்சைச் சட்டையா மஞ்சள் சட்டையா என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். காப்பாளர் அதை வெட்டவில்லை. கேட்கிறவர்கள் அந்த இடத்தில் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்களாம்.

விஷயம் பேருந்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? அடுத்த வாரமே வந்துவிட்டது. கண்டக்டரம்மா தயங்கித்தான் வண்டி ஏறினாள். இத்தனை வருஷம் பழகிய முகங்கள் எப்படி மாறுமோ என்று பயம். காய்கறிக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ ஜெயில்ல பொறந்தவளாமே."

"ஆமா."

"அதான பாத்தேன். எங்களை இப்படி வண்டியில போட்டு அடைக்கிறியே, எங்க கத்துக்கிட்டியோன்னு நெனச்சேன்."

வண்டி குலுங்கச் சிரித்தது. இறங்கும்போது அவள் கண்டக்டரம்மாவின் பையில் நாலு தக்காளியைப் போட்டுவிட்டு, "ரெண்டு அம்மாக்கும் குடு" என்று காதோரம் சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குக் கண்டக்டரம்மா இரண்டு நிறுத்தத்தைக் கூவ மறந்துவிட்டாள்.

பெரியம்மா அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தாள். கடைசி மாதங்களில் படுக்கைதான். அம்மாதான் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்தாள். மகளைக்கூடப் பக்கத்தில் விடவில்லை. "பச்சைச் சட்டைதான் அது" என்று பெரியம்மா ஒருநாள் திடீரென்று சொன்னாள். "சரிக்கா, பச்சைதான்" என்றாள் அம்மா. முதல்தடவையாக விட்டுக்கொடுத்தாள். ஒரு விடியற்காலை, பெரியம்மாவின் மூச்சு சத்தமில்லாமல் நின்றது. அடக்கத்துக்கு யாரும் அறியாத பெண்கள் சிலர் வந்திருந்தார்கள், வயதானவர்கள், தூரத்து ஊர்க்காரர்கள். செய்தி எப்படிப் போனதென்று தெரியவில்லை. ஒருத்தி மட்டும் கண்டக்டரம்மாவின் தலையை, கை வைத்ததே தெரியாமல் தடவிவிட்டுப் போனாள்.

கண்டக்டரம்மா இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். சனிக்கிழமைகளில் அருங்காட்சியகத்துக்குப் போய், வருகிறவர்களுக்குப் பெண்கள் பகுதியைச் சுற்றிக் காட்டுகிறாள். பேச்சுக்குக் குறைவில்லை. போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சின்ன வயசுல இங்க இருந்தது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா ஆன்ட்டி?"

"கஷ்டம் இருந்துச்சும்மா. எனக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டாங்க" என்றாள் கண்டக்டரம்மா. "அவ்வளவு பேரும் அவங்கவங்க துக்கத்தை எங்கயோ வச்சுட்டு, என் முன்னாடி எழுந்து நின்னு விளையாடுனாங்க. அது எவ்வளவு பெரிய காரியம்னு எனக்கே பிள்ளை பொறந்த பிறகுதான் புரிஞ்சுது."

அந்தப் பெண் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த கூட்டம் முற்றத்துக்குள் வந்துவிட்டது. "வாங்க வாங்க, வெயில்ல நிக்காதீங்க, இப்படி மரத்தடிக்கு வாங்க" என்று கண்டக்டரம்மா அவர்களை அழைக்கப் போனாள்.